கருமத்தம்பட்டியில் மூன்று கார்கள்

கோயமுத்தூர்ச் சீமைக்காரர்களிடம் ஒரு விசேஷம் உண்டு. மற்ற ஊர்களில் புதிதாக ஓர் இயந்திரத்தைக் கண்டால், "என்ன விலை?" என்று கேட்பார்கள். இங்கே, "இதைக் கழற்றிப் பார்க்கலாமா?" என்று கேட்பார்கள். கழற்றியதைத் திரும்ப மாட்ட முடியுமா என்று நீங்களும் நானும் கவலைப்படுவோம். அவர்களுக்கு அந்தக் கவலையே கிடையாது. கழற்றத் தெரிந்தவனுக்கு மாட்டவும் தெரியும் என்பது கொங்கு நாட்டுச் சித்தாந்தம்.

இந்தச் சித்தாந்தத்துக்கு ஒரு மூல புருஷரைச் சொல்ல வேண்டுமானால், ஜி. டி. நாயுடுவைத்தான் சொல்ல வேண்டும். 1893-ம் வருஷம் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்து வரவில்லை. ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியதை இளம் வயதில் பார்த்தார். அன்று பிடித்த பைத்தியம் பிறகு விடவே இல்லை. கோயமுத்தூருக்கு வந்து ஒரு ஹோட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியவர் அதில் ஏறி ஊரைச் சுற்றினாரா என்றால், இல்லை. முதல் காரியமாக அதை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் போட்டார்!

1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ் விட்டார். அதுவே பின்னால் யு. எம். எஸ். என்ற பெரிய பஸ் ஸ்தாபனமாக வளர்ந்தது. 1952-ல் இரண்டு பேர் போகக்கூடிய சின்னக் கார் ஒன்றைச் செய்து, இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்கலாம் என்று பார்த்தார். அதற்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை என்று அவர் சரித்திரத்தைச் சொல்கிறவர்கள் சொல்கிறார்கள். ஆகவே, பாதியில் நின்றுபோன கார் என்பது இந்தச் சீமையில் வெட்கப்பட வேண்டிய விஷயமே அல்ல. நாயுடுவுக்கே ஒன்று நின்றுபோயிருக்கிறது!

1974-ல் அவர் காலமானார். அவருடைய குமாரர் ஜி. டி. கோபால் 2015-ல் கோயமுத்தூர் அவினாசி ரோட்டிலே ஒரு கார் மியூசியத்தையே திறந்து வைத்துவிட்டார். தேசம் தேசமாக வந்த பழைய கார்கள் அங்கே வரிசையாக, மணப்பெண்கள் மாதிரி மினுக்கிக்கொண்டு நிற்கின்றன. தகப்பனாருக்கு இருந்த மோட்டார் மோகத்துக்குப் பிள்ளை செய்த மரியாதை அது.

ஆனால் சகோதரிகளே, எல்லார் வீட்டிலும் மியூசியம் கட்ட முடியுமா? நம் வீடுகளில் நடப்பது வேறு. தகப்பனார் ஆசையாக ஒரு பழைய காரை வாங்குவார். "ரிடையரானதும் இதைச் சரி பண்ணி ஓட்டப் போகிறேன்" என்பார். ரிடையராவார். இஞ்சினைக் கழற்றுவார். பேரன் பேத்திகள் பிறப்பார்கள். முழங்கால் வலி வரும். கார் மட்டும் கொட்டகையில் அப்படியே நிற்கும். கடைசியில் ஒரு நாள், "இதை என்ன செய்வது?" என்ற கேள்வி வீட்டிலுள்ள பெண்களின் தலையில் வந்து விழும்.

அப்படிக் கேள்வி விழுந்த ஒரு வீட்டுக்கு இந்தத் தை மாதம் போயிருந்தேன். என் சிநேகிதியின் பிறந்த வீடு அது. ஊர் கருமத்தம்பட்டி.

அவினாசி ரோட்டிலே

கோயமுத்தூரிலிருந்து கருமத்தம்பட்டி சுமார் இருபத்தைந்து கிலோ மீட்டர். அவினாசி ரோட்டைப் பிடித்தால் நேரே கொண்டுபோய் விட்டுவிடும். இந்த ரோட்டில் நெரிசலைப் பற்றிப் புலம்பாத கோயமுத்தூர்க்காரர் கிடையாது. 2025 அக்டோபரில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரையில் பத்துக் கிலோ மீட்டருக்கு மேல் நீளமுள்ள மேம்பாலம் திறந்தார்கள். அதற்கு ஜி. டி. நாயுடு பெயரையே வைத்திருக்கிறார்கள். மோட்டாரைக் கழற்றிப் பார்த்த மனிதரின் பெயரில், இன்று மோட்டார்கள் ஆகாச மார்க்கமாகப் பறக்கின்றன!

பாலத்தின்மேல் போனால் சீக்கிரம் போகலாம். ஆனால் ஊரைப் பார்க்க முடியாது. கீழே போனால்தான் கோயமுத்தூரின் கதை தெரியும். காலேஜுகள், மில்கள் இருந்த காம்பவுண்டுகள், பம்பு செட்டு கம்பெனிகள், பட்டறைகள் எல்லாம் இந்த ரஸ்தாவைச் சுற்றித்தான். 1930-களில் பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்தது. பஞ்சாலைகள் பெருகின. ஆலைக்கு உதிரி பாகம் வேண்டுமே! அதற்காக வார்ப்படப் பட்டறைகளும் லேத்துகளும் வந்தன. கிணற்றில் நீர் இறைக்க மோட்டார் வேண்டும் என்றார்கள் விவசாயிகள். மோட்டார் செய்யும் தொழில் வந்தது. சீமையிலிருந்து கப்பலில் சாமான் வரும் வரை காத்திராமல், உடைந்த பாகத்தைப் பார்த்து அதேபோல் ஒன்றை இங்கேயே கடைந்துவிடும் பழக்கம் இப்படித்தான் ஏற்பட்டது. பழைய காரைச் சரி பண்ணும் ஆசை இந்த மண்ணில் இவ்வளவு பேருக்கு இருப்பதன் ரகசியமும் இதுதான்.

நீலாம்பூரைத் தாண்டியதும் கட்டடங்கள் விலகிக் காற்று வருகிறது. தென்னந்தோப்புகள், சோளக்காடுகள், நடுவே கிடங்குகள். சற்றைக்கெல்லாம் கருமத்தம்பட்டி நாற்சந்தி. வடக்கே போனால் அன்னூர். தெற்கே போனால் சோமனூர். நெடுஞ்சாலையில் லாரிகள் இரைந்துகொண்டு ஓடுகின்றன. அந்த இரைச்சலை விட்டு உள்ளே திரும்பினால், இன்னொரு சப்தம் காதில் விழுகிறது. 'தடக் தடக்' என்று தாளம் தவறாத சப்தம். அதுதான் விசைத்தறி.

தறியும் தேரும்

சோமனூர், கருமத்தம்பட்டிப் பக்கத்தில் விசைத்தறிதான் பிரதானத் தொழில். பாவு நூல் வியாபாரியிடமிருந்து வரும். கூலிக்கு நெய்து துணியைத் திருப்பிக் கொடுப்பார்கள். கூலி கூடினால் ஊர் சிரிக்கும். கூலி நின்றால் தறியும் நிற்கும். தறிச் சப்தத்துக்கு நடுவிலேயே இங்கே குழந்தைகள் தூங்குகின்றன. தறி நின்றால்தான் விழித்துக்கொள்கின்றன என்றாள் என் சிநேகிதி. அவள் பிறந்து வளர்ந்ததும் அப்படித்தான்.

ஊருக்கு இன்னொரு பெருமை ஜெபமாலை மாதா கோவில். கோயமுத்தூர் வட்டாரத்தில் மிகப் பழைய கிறிஸ்தவக் கோவில்களில் ஒன்று. இப்போது பசிலிக்கா என்ற அந்தஸ்தும் பெற்றிருக்கிறது. அக்டோபர் மாதத்துத் தேர்த் திருவிழாவுக்கு ஜாதி மத பேதமில்லாமல் ஜனங்கள் கூடுகிறார்கள். தேர் விஷயமாகச் சிநேகிதியின் தகப்பனார் பிற்பாடு ஒரு வார்த்தை சொன்னார். அதை அந்த இடத்தில் சொல்கிறேன்.

வீடு சோமனூர் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே. முன்னால் பெரிய வாசல், வேப்பமரம், பக்கத்தில் ஒரு காலத்தில் எட்டுத் தறி ஓடிய கொட்டகை.

"வாங்க அம்மிணி, மொதல்ல தண்ணி குடியுங்க" என்று சொம்பை நீட்டினார் சிநேகிதியின் தாயார். கொங்கு நாட்டில் வந்தவரை "வாங்க" என்று சொல்லுவதற்கு முன்னால் சொம்பு வந்துவிடும். காலைப் பலகாரம் சந்தகையும் தேங்காய்ப்பாலும். அதன் ருசியை எழுத ஆரம்பித்தால் கார் விஷயம் நின்றுவிடும். ஆகையால் நேரே கொட்டகைக்குப் போவோம்.

கொட்டகையில் இருந்தவை

பெரியவருக்கு எண்பத்திரண்டு வயது. தறி ஓட்டியவர், தறிகளை விற்ற பிறகு சொந்தமாக ஒரு லேத் பட்டறை வைத்திருந்தவர். நாற்பது வருஷத்தில் மூன்று கார்களை அந்தக் கொட்டகைக்குள் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். மூன்றும் உருண்டு வந்தவை. ஒன்றும் ஓடி வந்ததல்ல!

முதலாவது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். சென்னை ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1961 முதல் பத்து வருஷம் போலச் செய்தது. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டின் தங்கச்சி என்று சொல்லலாம். உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. மற்றக் கார்களுக்கு இஞ்சின் மூடி மட்டுந்தான் திறக்கும். இதற்கோ மூடியும் இரண்டு பக்கத்து மட்கார்டும் சேர்ந்து, நகைப் பெட்டியைத் திறப்பதுபோல் முன்பக்கமாகச் சாய்ந்துவிடும். கழற்றிப் பார்க்கும் ஆசாமிக்கு இதைவிட என்ன வேண்டும்?

இரண்டாவது ஃபியட் 1100. பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி செய்தது. இதன் வம்சந்தான் பிறகு பிரீமியர் பத்மினி என்று பெயர் மாற்றிக்கொண்டு, நம்மில் பல பேரைக் கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் கொண்டுபோய்விட்டது. மூன்றாவது லாண்ட்மாஸ்டர். 1954-ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வங்காளத்து உத்தர்பாராவில் செய்ய ஆரம்பித்தது. அம்பாஸடர் வந்ததும் இது ஒதுங்கிவிட்டது. அந்த அம்பாஸடரும் 2014-ல் நின்றுபோய்விட்டது.

ஹெரால்டின் இஞ்சின் ஒரு மரக்கட்டையின் மேல் உட்கார்ந்திருந்தது. ஃபியட்டுக்கு ஸீட் இல்லை. லாண்ட்மாஸ்டருக்குச் சக்கரம் இருந்தது, மற்றதெல்லாம் சந்தேகம். சுற்றிலும் சுவர் முழுவதும் அலமாரி. அலமாரி முழுவதும் தகர டப்பாக்கள். மாவு டப்பா, பிஸ்கோத்து டப்பா, நெய் டப்பா.

"அஞ்சு வருஷமாக் கை நடுங்குதுங்க அம்மிணி," என்றார் பெரியவர். "ஸ்பானரு புடிச்சா நெட்டு மேல நிக்க மாட்டேங்குது. மனசுல காரு முழுசா ஓடுது. கைதான் வரமாட்டேங்குது."

அவர் இதை வருத்தமாகச் சொல்லவில்லை. நெட்டு தேய்ந்துவிட்டது என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். கேட்ட எனக்குத்தான் என்னவோ போல் இருந்தது.

எடைக்கு வந்தவர்

குடும்பத்தில் இது பற்றி இரண்டு வருஷமாகப் பேச்சு. பிள்ளை வெளிநாட்டில். பெண் சென்னையில். "நமக்குப் பின்னால் இதை யார் பார்ப்பது?" என்று தாயார் கேட்டபோது, பெரியவர் வெளியே எழுந்து போய்விடுவாராம். விற்பது என்ற வார்த்தையே அந்த வீட்டில் கெட்ட வார்த்தை.

சென்ற ஆவணியில் ஒரு பழைய இரும்பு வியாபாரி தானாகவே வந்து சேர்ந்தார். இந்த மாதிரி வீடுகளை இவர்கள் எப்படித்தான் மோப்பம் பிடிக்கிறார்களோ! சென்னையில் புதுப்பேட்டை, கோயமுத்தூரில் உக்கடம் என்று பழைய இரும்புக்குத் தனிப் பேட்டைகள் உண்டு. அந்த வியாபாரியைக் குறை சொல்லுவதற்கில்லை. அவர் தொழில் அது. மூன்று காரையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கண்ணாலேயே எடை போட்டு, ஒரு தொகையைச் சொன்னார். பிறகு டப்பாக்களைப் பார்த்து, "இதையும் ஒரே சாக்குல கொட்டிக் கட்டிரலாங்க, இரும்பு இரும்புதானுங்களே" என்றாராம்.

அந்த ஒரு வார்த்தையில் வியாபாரம் முறிந்தது. முறித்தவர் பெரியவர் அல்ல, அவருடைய சம்சாரம்!

"ஏனுங்க, அதெல்லாம் ஒரே சாக்குல போடறதா இருந்தா, நான் எதுக்குங்க நாப்பது வருசமாப் பிரிச்சுப் பிரிச்சு வெச்சேன்?" என்று அந்த அம்மாள் கேட்ட கேள்விக்கு வியாபாரியிடம் பதில் இல்லை.

தாயாரின் நோட்டுப் புத்தகம்

இங்கேதான் கதையின் உட்கதை வருகிறது. பெரியவர் கழற்றுவார்; கழற்றியதை வைத்த இடம் மறந்துபோவார். வீட்டுக்காரர் ஒரு திருகாணிக்காக இரவெல்லாம் விளக்கை வைத்துக்கொண்டு தேடுவதைப் பார்த்த அந்த அம்மாள், ஒரு நாள் பிள்ளைகளின் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்தார். தறிக் கணக்கு எழுதிப் பழகிய கை அது. எந்தத் தேதியில், எந்தக் காரில், எந்த இடத்திலிருந்து, எத்தனை சாமான் கழற்றியது, எந்த டப்பாவில் போட்டது என்று பத்தி போட்டு எழுத ஆரம்பித்தார். பெயர் தெரியாத பாகத்துக்குத் தாமே பெயர் வைத்தார். 'வளையல் மாதிரி, இரண்டு', 'பணியாரக் குழி மாதிரி, ஒன்று', 'இடது கதவுக் கீல், ஆணியுடன்'. இப்படியே நான்கு நோட்டுகள் நிரம்பியிருக்கின்றன!

மோட்டார் என்றால் புருஷர்கள் சமாசாரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய சங்கதி சொல்ல வேண்டும். ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886-ல் தம்முடைய மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குப் பேடன்ட் வாங்கினார். ஆனால் அதை நம்பி வாங்க ஆளில்லை. 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா, புருஷனிடம் சொல்லாமல், இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய் வீட்டுக்கு நூறு கிலோ மீட்டருக்கு மேல் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். வழியில் எரிபொருள் தீர்ந்தபோது மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரி பண்ணினார். உலகத்திலேயே முதல் நெடுந்தூர மோட்டார்ப் பிரயாணம், ஒரு பெண் தாய் வீட்டுக்குப் போன பிரயாணம்! கருமத்தம்பட்டி அம்மாள் காரை ஓட்டியதில்லை. ஆனால் அந்த நான்கு நோட்டுகள் இல்லாவிட்டால் மூன்று கார்களும் வெறும் இரும்புதான்.

இது சும்மா உபசாரத்துக்குச் சொல்லும் பேச்சல்ல. சட்டமே இப்போது இந்தப் பக்கந்தான் இருக்கிறது. முதலில் பதிவு செய்து ஐம்பது வருஷத்துக்கு மேலான கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் 'விண்டேஜ்' வண்டிகளாகத் தனியே பதிவு செய்துகொள்ள 2021-ல் மத்திய சர்க்கார் விதி கொண்டுவந்தது. முதல் பதிவுக்குக் கட்டணம் இருபதாயிரம் ரூபாய். பத்து வருஷம் செல்லும். பிறகு புதுப்பிக்க ஐயாயிரம். நம்பரில் 'வி. ஏ.' என்ற எழுத்துக்கள் வரும். தினப்படி கடைக்குப் போகவும் ஆபீஸுக்குப் போகவும் இந்த வண்டியை எடுக்கக்கூடாது. கண்காட்சிக்கும், பழைய கார் ஊர்வலத்துக்கும், பெட்ரோல் போடவும், பழுது பார்க்கவும் எடுக்கலாம். ஆனால் ஒரு முக்கியமான நிபந்தனை உண்டு. வண்டி பூர்விக ரூபத்தில் இருக்க வேண்டும். சட்டத்தையும் கூட்டையும் இஞ்சினையும் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. அப்படியானால், பிஸ்கோத்து டப்பாவில் இருக்கிற அந்தப் பழைய கீலும் ஆணியுமே இந்தக் காருக்கு ஜாதகம்!

வாங்க வந்தவர்கள்

பல்லடத்துப் பக்கத்தில் லேத் வைத்திருக்கும் ஓர் இளைஞர் கேள்விப்பட்டு வந்தார். கூடவே மனைவியும் வந்திருந்தாள். பட்டறைக் கணக்கு அவள் கையில். நான் போயிருந்தது அவர்கள் இரண்டாந்தரம் வந்த நாள்.

முதல் தரம் வந்தபோது அந்தப் பையன் விலையே கேட்கவில்லையாம். ஹெரால்டின் அடியில் பாயை விரித்துப் படுத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்கய்யா, இந்தக் கிராஸ் மெம்பர்ல ஒரு வெல்டு இருக்குதுங்களே, அது நீங்க வெச்சதுங்களா, முன்னாடியே இருந்ததுங்களா?" என்று கேட்டானாம். பெரியவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு வருஷமாக 'விற்பனை' என்றால் எழுந்து போனவர், அன்றைக்கு நாற்காலியைக் கொட்டகைக்குள் போடச் சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, ஓடற காரை எவன் வேணுன்னாலும் ஓட்டிப்போடுவான். நிக்கற காரு எதனால நிக்குதுன்னு தெரியோணும்" என்றார்.

நான் பார்த்த அன்று காலையிலிருந்து சாயங்காலம் வரை பேச்சு. எந்த பேரிங்கு எந்த ஊரில் கிடைத்தது, எதைக் கடைந்தது, எதைக் கடைய முயன்று தோற்றது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பையன் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டான். ஓரிடத்தில் பெரியவருக்கு ஞாபகம் பிசகியது. "மூணாவது டப்பாங்க" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. அந்த அம்மாளும் பல்லடத்துப் பெண்ணும் திண்ணையில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். 'பணியாரக் குழி மாதிரி' என்ற இடத்தில் அந்தப் பெண் சிரித்துவிட்டு, பக்கத்தில் பென்சிலால் அந்தப் பாகத்தின் கம்பெனிப் பெயரை எழுதிக்கொண்டாள். கொட்டகைக்குள் நடந்தது ஒரு கைமாற்றம் என்றால், திண்ணையில் நடந்ததும் அதேதான்.

அப்போதுதான் பெரியவர் தேர் விஷயத்தைச் சொன்னார். "மாதா கோயில் தேரை இழுக்கறவங்க வருசா வருசம் மாறறாங்க. தேரு அதேதான். நான் இழுத்த தூரம் இவ்வளவு. இனி இவங்க இழுக்கட்டும்."

ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் இழுப்பது கோயமுத்தூருக்குப் புதிது அல்ல. கரிவரதன் என்ற பந்தயக்காரர் இந்த ஊரிலே குறைந்த செலவில் பந்தயக் கார்களைச் செய்து, இளைஞர்கள் பலருக்கு வழி காட்டினார். 1995-ல் விமான விபத்தில் அகாலமாக இறந்துபோனார். அவர் பெயராலேயே செட்டிபாளையத்தில் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்ற பந்தயப் பாதை அமைந்தது. கோயமுத்தூர்ப் பையன் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். ஆரம்பித்தவரே முடித்துத்தான் தீர வேண்டும் என்று யார் சொன்னது?

கையெழுத்துப் படலம்

மனசு ஒத்துப்போனால் போதுமா? சர்க்கார் காகிதம் என்று ஒன்று இருக்கிறதே! இந்தப் பகுதியைக் குடும்பப் பெண்கள் கொஞ்சம் கவனித்துப் படிக்க வேண்டும்.

உரிமையாளர் உயிரோடு இருந்து தாமே விற்றால், 29-ம் நம்பர் படிவத்திலும் 30-ம் நம்பர் படிவத்திலும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரே ராஜ்யத்துக்குள் விற்றால், விற்றவர் பதினான்கு நாளைக்குள் ஆர். டி. ஓ. ஆபீஸுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் முப்பது நாளைக்குள். பதிவுக் காலம் தீர்ந்திருந்தால் அதைப் புதுப்பிக்கவும் வழி பார்க்க வேண்டும். உரிமையாளர் காலமான பிறகு என்றால் படிவமே வேறு. அது 31-ம் நம்பர். மரணச் சான்று வேண்டும், வாரிசு யார் என்று நிரூபிக்க வேண்டும், மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். துக்க வீட்டில் இந்தக் காகிதங்களைத் தேடி அலைபவர்கள் பெரும்பாலும் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"விற்றுத்தான் ஆயிற்றே, பெயர் மாற்றுவதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்" என்று இருப்பதும் ஆபத்து. பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர். வண்டி கை மாறியிருந்தாலும் விபத்து நேர்ந்தால் நஷ்ட ஈட்டுப் பொறுப்பு அவரைச் சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

இந்த வீட்டில் என்ன ஆயிற்று தெரியுமா? ஹெரால்டும் ஃபியட்டும் பெரியவர் பெயரிலேயே இருந்தன. நடுங்கும் கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, படிவம் படிவமாகக் கையெழுத்துப் போட்டார். லாண்ட்மாஸ்டரை எடுத்துப் பார்த்தால், பதிவுப் புத்தகம் முப்பது வருஷத்துக்கு முன்னால் அதை விற்ற தாராபுரத்து மனிதர் பெயரிலேயே இருக்கிறது! அவர் காலமாகிப் பல வருஷம் ஆயிற்று. பிள்ளைகள் நான்கு ஊரில். அவர்களைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்குகிற வரையில் அந்தக் கார் அசைய முடியாது. அன்றைக்கு ஒரு கையெழுத்தில் முடிந்திருக்க வேண்டிய காரியம். இன்றைக்கு நான்கு ஊர்ப் பிரயாணம். உயிரோடிருப்பவர் கையெழுத்தின் மதிப்பு என்ன என்பதை நோட்டீஸ் அடித்து ஒட்டியதுபோல் அந்தக் கார் நிற்கிறது.

விலை என்ன என்று கேட்காதீர்கள். இரும்புக்காரர் சொன்னதைவிட அதிகம். பழைய கார்ப் பிரியர்கள் கேட்டால் குறைச்சல் என்பார்கள். பெரியவர் தாமே ஐந்தாயிரம் குறைத்தார். "பெயிண்டுக்கு வெச்சுக்கோ தம்பி" என்றார். "நெறம் மட்டும் மாத்திப்போடாதே."

லாரி ஏறிய அன்று

மூன்றாம் நாள் லாரி வந்தது. முதலில் ஹெரால்ட். அதன் பின்னால் ஃபியட். டப்பாக்கள் நம்பர் பிரகாரம் மரப்பெட்டிகளில் அடுக்கப்பட்டன. நோட்டுகளைப் பல்லடத்துப் பெண் மடியிலேயே வைத்துக்கொண்டாள். நான்காவது நோட்டை மட்டும் கொடுக்கவில்லை. அது லாண்ட்மாஸ்டரின் நோட்டு.

என் சிநேகிதி வேப்ப மரத்தடியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சின்ன வயசில் அந்த ஹெரால்டுக்குள் உட்கார்ந்துதான் பரீட்சைக்குப் படிப்பாளாம். தகப்பனார் அழவில்லை. லாரியின் கயிற்றுக் கட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, "நீலாம்பூர் பக்கம் போகாதே, உள்ரோட்டுலயே போ" என்று டிரைவருக்கு வழி சொன்னார்.

அந்த அம்மாளோ, லாரி திரும்பியதும் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போய்விட்டார். "நாப்பது வருசமா இது அவரு கொட்டாய்ங்க அம்மிணி. இனி மூணுல ரெண்டு பங்கு என்ற கொட்டாய்!" என்றார். ஒரு பக்கம் வடகம் காயப் போடப் போகிறாராம். மறு பக்கம் அக்கம்பக்கத்துப் பெண்களுக்குத் தையல் மிஷின் இரண்டு.

மிச்சம் ஒரு பங்கில் லாண்ட்மாஸ்டர் நிற்கிறது. தாராபுரத்துக் காகிதம் வருகிற வரையில் அதைச் சும்மா விடப் பெரியவருக்கு மனசு இல்லை. பல்லடத்துப் பையன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதாகச் சொல்லியிருக்கிறான். நெட்டை அவன் பிடிப்பான். எந்த நெட்டு என்று இவர் சொல்லுவார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுக் கொட்டகையிலும் இப்படி ஏதாவது நின்றுகொண்டிருக்கலாம். கார் இல்லாவிட்டால் பழைய தையல் மிஷின், வீணை, கிராமபோன், அச்சு இயந்திரம், எதுவானாலும் சரி. அதை வைத்துக்கொள்வதா, விற்பதா என்பது உங்கள் குடும்பத்து விஷயம். ஆனால் அதை ஆசையாகச் சேர்த்தவர் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, "இது இன்னது, அது இன்னது" என்று வாய் திறந்து சொல்லக்கூடிய காலத்திலேயே அந்தப் பேச்சை எடுத்துவிடுங்கள். பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது என்று இன்று சாயங்காலமே பார்த்துவிடுங்கள். ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத சாமான் இருந்தால் பாதகமில்லை. 'பணியாரக் குழி மாதிரி' என்று எழுதிக்கொள்ளலாம்.